மதர்போர்டுக்கு உபயதாரர் இல்லை

அடைக்கல மாதா கோயிலில் ஒரு ஃபேன் இருக்கிறது. அதன் மூன்று இறக்கைகளிலும் மூன்று அண்ணன் தம்பிகளின் பெயர்களை, உபயம் என்று போட்டு எழுதியிருக்கிறார்கள். ஓடும்போது படிக்க முடியாது. அதனால் அந்தக் குடும்பம் பூசைக்கு வருகிற ஞாயிற்றுக்கிழமைகளில், சித்திரை வெயிலானாலும் அந்த ஃபேன் ஓடாது.

வில்லியனூரிலிருந்து திருக்கனூர் போகும் ரோட்டில், கரும்புக் கொல்லைகளுக்கு நடுவே உள்ளே திரும்பினால் வருகிற கத்தோலிக்கப் பங்கு அது. ஆண்டுப் பெருவிழா என்றால் ஒவ்வொரு சாமானுக்கும் ஒரு உபயதாரர் வேண்டும். தேருக்குப் பூ, சீரியல் லைட், வாணவேடிக்கை, பேண்டு செட் எல்லாம் நான் நீ என்று போய்விடும். ஜெனரேட்டருக்கு டீசல் மட்டும் வருஷா வருஷம் நிற்கும். டீசல் இல்லாவிட்டால் சீரியல் லைட் எரியாது என்று எல்லாருக்கும் தெரியும். ஆனால் டீசலில் பெயர் எழுத வழியில்லை. கடைசியில் பங்குச் சாமியார் ஆசீர்நாதர் நோட்டீசில் ‘டீசல்: இறைமக்கள்’ என்று போட்டுவிட்டு உண்டியலைத் திறப்பார்.

இதெல்லாம் தெரிந்தும் யூஜின் கம்ப்யூட்டர் விஷயத்தை விழாக் கமிட்டியில் கொண்டுபோய் வைத்தான்.

பெருவிழாவை யூடியூபில் நேரலையாகக் காட்டுவது நாலைந்து வருஷமாக அவன் வேலை. பங்கில் பாதி வீடுகளுக்குப் பிரான்சில் ஒரு ஆள் உண்டு. அவர்கள் அங்கே சோபாவில் உட்கார்ந்து தேர் பார்ப்பார்கள். போன வருஷம் தேர் புறப்படுகிற நேரத்தில் படம் அப்படியே நின்றுவிட்டது. நின்ற நொடியில் திரையில் இருந்தவர் கமிட்டித் தலைவர் பிலவேந்திரன். அவர் அப்போது கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார். தேர் நாலு தெருவும் சுற்றி நிலைக்கு வரும்வரை பிரான்ஸ் முழுக்க அந்தக் கொட்டாவியைப் பார்த்தது. மகன் கிளாட்சன் பாரிசிலிருந்து போன் போட்டு, “அப்பா, இன்னுமா வாய மூடல?” என்று கேட்டான்.

இந்த வருஷம் யூஜினுக்கு அது சிரித்துவிட்டுப் போகிற காரியமாக இல்லை. திருபுவனையில் ஒரு கம்பெனியில் பேக்கிங் பிரிவில் வருஷக்கணக்காக நின்றுகொண்டிருந்தவன், போன மாதம் வேலையை விட்டுவிட்டான். கேமராவையும் நேரலையையுமே தொழிலாக்கிக்கொள்ளலாம் என்று எண்ணம். அந்த எண்ணத்துக்குத் தண்ணீர் ஊற்றி வளர்த்தவர் ஆசீர்நாதர் சாமிதான். “சுத்துப்பட்டு பங்குலேர்ந்து மூணு சாமியாருங்க நம்ம திருவிழாவுக்கு வராங்க யூஜின். லைன் கட்டாவாம ஓடுதுன்னு பாத்துட்டாங்கன்னா, அவங்க ஊர்த் திருவிழாவையும் உங்கிட்டயே குடுத்துடுவாங்க” என்று சொல்லியிருந்தார். லைன் நின்றால் மறுபடி கம்பெனி பஸ், மறுபடி ஷிப்ட். அவன் மனைவி ரோஸி மேரி அவனுடைய கம்பெனி அடையாள அட்டையை இன்னும் ஆணியிலிருந்து எடுக்கவில்லை. “எதுக்கும் தொங்கட்டும்” என்றாள்.

கமிட்டியில் யூஜின் எழுந்து நின்று, பிலவேந்திரனைப் பார்த்துப் பொறுமையாகத்தான் சொன்னான். “பங்கு கம்ப்யூட்டர் பழசு பெரியப்பா. கேமரா படத்த சுருக்கி நெட்ல அனுப்ப அதோட பிராசசரால முடியல. கிராபிக்ஸ் கார்டு ஒண்ணு போட்டா அந்த வேலைய கார்டு பாத்துக்கும். ஆனா கார்டுக்கு ஏத்த பிராசசர் வேணும். பிராசசருக்கு ஏத்த மதர்போர்டு வேணும். மூணையும் சேத்துப் பாத்துதான் வாங்கணும்.”

‘சேத்துப் பாத்து’ என்பது கமிட்டியின் காதில் விழவில்லை. ‘மூணு’ விழுந்தது. மூன்று சாமான் என்றால் மூன்று உபயம்.

“பிராசசர்னா இன்னாபா?” என்றார் கனகராஜ். திருக்கனூரில் உரக்கடை வைத்திருப்பவர். வீட்டில் முருகன் படம் மாட்டியிருப்பவர்தான். ஆனால் மகளுக்குக் குழந்தை பிறந்ததிலிருந்து வருஷா வருஷம் மாதாவுக்கு ஏதாவது செய்துவிடுவார். அதனால் கமிட்டியில் அவருக்கும் ஒரு நாற்காலி.

“கம்ப்யூட்டருக்கு மூளை மாதிரி மொதலாளி.”

“அப்ப அது நம்மளுது. எழுதிக்குங்க.”

மூளை வெளியூர் போனதில் பிலவேந்திரனுக்கு முகம் சுருங்கியது. “படம் காட்டறது எதுடா?”

“கிராபிக்ஸ் கார்டு, பெரியப்பா.”

“லைட்டு கலர் கலரா எரியுமே? கிளாட்சன் வூட்டுல இருக்குதுன்னு வீடியோ கால்ல காட்னான்.”

“அதான்.”

“அது என் உபயம். பிரான்ஸ்லேர்ந்தே வரும். நாட்டுச் சாமான் எல்லாம் வேணாம்.”

“மதர்போர்டு யாருது?” என்று கேட்டார் சாமியார்.

‘எழுதிக்குங்க’ என்று யாரும் சொல்லவில்லை. மைக் செட் கண்ணையன் மட்டும் ஒரு சந்தேகம் கேட்டார். “அது எங்க இருக்கும்?”

“பெட்டிக்கு உள்ள. அதுமேலதான் எல்லாமே உக்காரும்.”

“பேர் எழுதி ஒட்னா தெரியுமா?”

யூஜினுக்குச் சட்டென்று பொய் வரவில்லை. “பாதிய கார்டு மறைச்சுடும். மீதிய வயரு மறைச்சுடும்.”

கண்ணையன் தலையை ஆட்டிவிட்டு டீ தம்ளரை எடுத்துக்கொண்டார். மற்றவர்களும் எடுத்துக்கொண்டார்கள்.

போர்டு முடிவாகாமல் மற்ற இரண்டையும் வாங்காதீர்கள் என்று யூஜின் அப்போதே சொல்லியிருக்க வேண்டும். ஆனால் பிலவேந்திரனும் கனகராஜும் ஒரே சமயத்தில் சந்தோஷமாக இருப்பதை அந்த ஊர் அதற்கு முன் பார்த்ததில்லை. அதைக் கெடுக்க அவனுக்கு வாய் வரவில்லை. “பாத்துக்கலாம்” என்றான்.

முதலில் வந்தது பிராசசர். கனகராஜ் அதன் பெட்டிக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, பைக்கில் முன்னால் வைத்துக்கொண்டு வந்தார். பங்கு ஆபீசில் பிரித்துப் பார்த்ததும் அவர் முகம் மாறிவிட்டது.

“இன்னாபா இது, தீப்பெட்டி சைசுல இருக்குது? இதுவா மூளை?”

யூஜினின் கவலை வேறு. பழைய போர்டில் பிராசசர் உட்காரும் இடம் சதுரம், வந்திருப்பது நீள்சதுரம். இரண்டுக்கும் நடுவே கம்பெனிக்காரன் எத்தனையோ தலைமுறையைத் தாண்டிவிட்டிருந்தான். அது போதாதென்று பிராசசர் பெயரின் கடைசியில் ‘எஃப்’ என்று ஒரு எழுத்து இருந்தது. கார்டு இல்லாமல் இது சொந்தமாகத் திரையில் ஒரு புள்ளிகூடக் காட்டாது என்று அர்த்தம்.

“இது நம்ம போர்டுல உக்காராது மொதலாளி.”

“கொஞ்சம் இழைச்சா உக்காராதா? நம்ம ஆசாரிய வரச் சொல்லட்டா?”

“இழைக்கக் கூடாது.”

“எங்கிட்ட இருக்கற உரம் நெல்லுக்கும் போடலாம், கரும்புக்கும் போடலாம். அளவுதான் மாத்தணும். இதுக்கு மட்டும் இன்னா அப்படி ஒரு வீம்பு?”

அடுத்த வாரம் கார்டு வந்தது. கிளாட்சனுக்குத் தெரிந்த ஒருவர் ஊருக்கு வரும்போது, பெட்டியில் சென்ட் பாட்டிலுக்கும் சாக்லேட்டுக்கும் நடுவே வைத்துக் கொண்டுவந்தார். மூன்று ஃபேன் வைத்த கார்டு, யூஜினின் முழங்கை நீளம். பழைய கம்ப்யூட்டர் பெட்டிக்குள் அதைச் சாய்த்துப் பார்த்தான், திருப்பிப் பார்த்தான். முனை போய் ஹார்ட் டிஸ்க்கில் இடித்தது. அதற்குக் கரண்ட் கொடுக்கிற வயர் பழைய சப்ளையில் இல்லவே இல்லை. பெட்டியை அறுத்து எப்படியாவது மாட்டினாலும் பிரயோசனம் கம்மிதான். பெரிய கதிரடிக்கிற மெஷினைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டு, கட்டு எடுத்துக் கொடுக்க ஒரே ஒரு வயசாளியை விட்ட கதையாகிவிடும். பழைய பிராசசர் கொடுக்கிற வேகத்துக்குக் கார்டு பெரும்பாலும் சும்மாதான் சுற்றிக்கொண்டிருக்கும்.

இதை யூஜின் இருவரையும் உட்கார வைத்துச் சொன்னான்.

“அப்ப அவரு மூளைதான் சரியில்ல” என்றார் பிலவேந்திரன். “பிரான்ஸ் சாமான் மேல குத்தம் சொல்லாத.”

“எம்மூளைக்கு இன்னா கொறச்ச?” என்றார் கனகராஜ். “உங்க கார்டு பொட்டிக்குள்ளயே போவல. என்னுது எங்க வேணா போவும்.”

“போனா போதுமா? படம் காட்டாதாமே! எங்கார்டு இருந்தாதான் உன் மூளைக்குக் கண்ணே தெரியுமாம்.”

“எம்மூளை இருந்தாதான் உங்க கார்டுக்குச் சோறாம். யூஜினே சொன்னாரு.”

“ரெண்டு பேரும் சொல்றது சரிதான்” என்றான் யூஜின். “ரெண்டும் நல்ல சாமான். ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு ஒத்துப்போற சாமான். நடுவுல போர்டு ஒண்ணு வந்துட்டா போதும். கூடவே ஒரு பவர் சப்ளை.”

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்கள்.

ஞாயிறு பூசை முடிந்ததும் சாமியார் மைக்கில் அறிவித்தார். பெருவிழா நேரலைக்கு ஒரு மதர்போர்டும் ஒரு பவர் சப்ளையும் தேவை, தாராள மனமுள்ளவர்கள் முன்வரலாம். மனம் தாராளமாகத்தான் இருந்தது. கம்ப்யூட்டர் மேசைக்கு விரிப்பு வந்தது. அதன் நாலு ஓரத்திலும் குடும்பப் பெயர் பின்னியிருந்தது. கம்ப்யூட்டருக்கு மாலை வந்தது. மானிட்டர் மேல் வைக்க ஒரு பிளாஸ்டிக் ரோஜாக் கொத்து வந்தது. போர்டு வரவில்லை.

“நாமளே வாங்கிடலாமா?” என்று வீட்டில் மெல்லக் கேட்டான் யூஜின்.

ரோஸி மேரி வெங்காயம் அரிந்துகொண்டிருந்தாள். “வேலைய வுட்டவரு உபயம் பண்றாராம். போய் மாதா முன்னாடி கம்முனு நில்லுங்க. உங்களப் பாத்து அவங்களே ஏதாவது குடுத்துடுவாங்க.”

கொடியேற்றம் முடிந்தது. தேருக்கு நாள் நெருங்கியது. யூஜின் பழைய கம்ப்யூட்டரையே மேசைமேல் ஏற்றி, தூசி தட்டி, பிராசசருக்கும் அதன் ஃபேனுக்கும் நடுவில் காய்ந்துபோயிருந்த பசையைச் சுரண்டிப் புதுப்பசை தடவி, ஒரு கேமராவை மட்டும் கோயில் வாசலைப் பார்த்து வைத்து ஓடவிட்டுப் பார்த்தான். ஓடியது. நவநாள் பூசை தொடங்கி முடியும்வரை நிற்காமல் ஓடியது. அவனுக்கே நம்பிக்கை வரவில்லை. போன வருஷம் இதே பெட்டிதானே மூச்சு வாங்கியது?

போன வருஷத்து நேரலை அமைப்பைத் திறந்து பார்த்தபோதுதான் புரிந்தது. திரையின் கீழே உபயதாரர் பெயர்கள் ஓடின. சும்மா ஓடவில்லை. ஒவ்வொரு பெயரையும் சுற்றித் தீ எரிந்தது, நட்சத்திரம் கொட்டியது, இரண்டு பக்கமும் புறா பறந்தது. பிலவேந்திரன் பெயருக்கு மட்டும் தனியாக ஒரு சூரியன் உதித்தது. அவர் ஆசைப்பட்டுக் கேட்டுப் போட்டது. பழைய பிராசசர் மாதாவைத் தூக்கிக்கொண்டு பிரான்ஸ் வரைக்கும் போகத் தயாராகத்தான் இருந்தது. உபயதாரர்களையும் சேர்த்துத் தூக்கச் சொன்னபோதுதான் உட்கார்ந்துவிட்டது.

பெயரை எடுத்துவிட்டால் லைன் நிற்காது. பெயரை எடுத்தால் கமிட்டி அவனை எடுத்துவிடும்.

அன்று முழுக்க அதையே நினைத்துக்கொண்டு திரிந்தவன், சாயங்காலம் கமிட்டியில் எழுந்தான். “பேரு திரையில ஓடினா வர்ற ஜனத்துக்குத் தெரியாது பெரியப்பா. போன்ல பாக்கறவனுக்கு எறும்பு மாதிரி இருக்கும். இந்த வருஷம் ஒரு கண்ணாடிப் பெட்டி செஞ்சு, உபயம் வந்த சாமானையெல்லாம் அதுல வெச்சு, பேரைப் பெருசா எழுதி, கோயில் வாசல்லயே நேரலை மேசைமேல வெச்சுடுவோம். நிக்கற ஜனமெல்லாம் பாக்கும்.”

கமிட்டி நாற்காலியை முன்னுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டது.

“கண்ணாடிப் பெட்டி எங்க உபயம்” என்றார் மாதா சபைத் தலைவி மரிய செலின், வேறு யாரும் வாயைத் திறப்பதற்குள்.

“என் மூளை எங்க வரும்?” என்றார் கனகராஜ். “உள்ள புதைச்சிடக் கூடாது.”

“போர்டுல போட்டாதான் மொதலாளி புதையும். மேல ஃபேன் வந்து மூடிக்கும். இதுல அப்படியே தெரியும்.”

கனகராஜுக்கு அந்தப் பதில் பிடித்துப்போனது. மதர்போர்டு வராததே மாதாவின் சித்தம் என்று அவருக்குப் பட்டது.

பெட்டிக்குள் இருக்கிற சாமான்தான் படம் அனுப்பப்போகிறதா என்று யாரும் கேட்கவில்லை. யூஜினும் சொல்லவில்லை. ஆசீர்நாதர் சாமி மட்டும் அவனை ஒருமுறை பார்த்து, தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

தேர் அன்று மாலை கோயில் வாசலில் பெட்டி தயாராக நின்றது. பிராசசரை ஒரு மோதிரப் பெட்டியின் சிவப்பு வெல்வெட்டில் குத்தவைத்திருந்தான். பக்கத்தில் கார்டு, நிமிர்த்தி. கனகராஜ் பெயரும் பிலவேந்திரன் பெயரும் ஒரே உயரம், ஒரே எழுத்து. யூஜின் ஸ்கேல் வைத்து அளந்திருந்தான். பிராசசரைவிட அதன் உபயதாரர் பெயர் ஏழெட்டு மடங்கு பெரிதாக இருந்தது. கார்டின் விளக்கு தானாக எரிய வழியில்லாததால், கிறிஸ்துமஸ் குடிலுக்குப் போடும் கலர் சீரியலைச் சுற்றிவிட்டான். “வயர் ஒண்ணு வெளிய வந்தா எடுப்பா இருக்கும்பா” என்றார் கண்ணையன். தடியாக ஒரு வயர் பெட்டியின் பின்னாலிருந்து இறங்கி, விரிப்புக்குக் கீழே போய், மேசைக்காலில் கட்டிக்கொண்டு நின்றது. அதற்குப் பக்கத்தில், தரையில் இரண்டு செங்கல் மேல், பழைய கம்ப்யூட்டர் தன்பாட்டுக்கு வேலை செய்துகொண்டிருந்தது.

தேர் புறப்பட்டது. படம் நிற்கவில்லை. பேண்டு செட் திரும்பியது, நிற்கவில்லை. வாணம் வெடித்தது, நிற்கவில்லை. பாரிசிலிருந்து கிளாட்சன் கூப்பிட்டான். பிலவேந்திரன் போனை மைக்குக்குப் பக்கத்தில் பிடித்தார். “அப்பா, படம் பளிச்சுன்னு இருக்குது. நம்ம கார்டு பேசுதுப்பா!” கூட்டம் கைதட்டியது.

“கார்டு பேசுதுன்னா, யோசிக்கறது யாரு?” என்றார் கனகராஜ்.

“அட, உன் மூளைதான்யா. ரெண்டும் சேந்துடுச்சு போ” என்று பிலவேந்திரன் அவர் தோளில் கை போட்டார். பெட்டிக்கு முன்னால் இருவரும் சேர்ந்து போட்டோ எடுத்துக்கொண்டார்கள்.

அந்த நேரத்தில்தான் வெளிப்பங்குச் சாமியார்கள் மூவரும் மேசைப் பக்கம் வந்தார்கள். மூவரில் மூத்தவர், தடித்த கண்ணாடி போட்டவர், மானிட்டரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கண்ணாடிப் பெட்டியை ரொம்ப நேரம் பார்த்தார்.

“நல்லா ஓடுதுபா. இதே கார்டு, இதே பிராசசர் எங்க ஊர்லயும் உபயத்துக்குச் சொல்லிடறேன். நீ வந்து மாட்டிக் குடுத்துடு.”

தலையாட்டிவிட்டால் வேலை கையில். ஆனால் அந்த ஊரிலும் ஒரு கமிட்டி இருக்கும். அங்கேயும் மூளைக்கு ஒருவர், கார்டுக்கு ஒருவர் எழுந்து நிற்பார்கள். போர்டு கேட்டால் அங்கேயும் டீ தம்ளரை எடுத்துக்கொள்வார்கள். சாமான் வந்து இறங்கின பிறகு அவன்தான் பதில் சொல்ல வேண்டும். யூஜின் குனிந்து, மேசை விரிப்பின் ஓரத்தைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்தான்.

“இதுலதான் ஓடுது சாமி. மேல இருக்கறது எதுவும் ஓடல.”

மூத்தவர் குனிந்து பார்த்தார். செங்கல்லைப் பார்த்தார், பழைய பெட்டியைப் பார்த்தார், மேசைக்காலில் கட்டியிருந்த வயரைப் பார்த்தார். நிமிர்ந்தபோது கோபமாக இருப்பார் என்று யூஜின் நினைத்தான். அவர் மற்ற இருவரையும் அருகே கூப்பிட்டு விரிப்பைத் தூக்கிக் காட்டினார்.

“இந்த மாதிரி பழசு எங்க பங்குலயும் இருக்குது” என்றார்.

“அப்ப நேரலைய நானே வந்து…”

“நேரலைய எங்க பையனுங்க போன்லயே வுட்டுடறானுங்க. அது ஒரு விஷயமா? எனக்கு இந்தப் பெட்டி வேணும்பா. போன வருஷம் யாரு பேரு மேல வரணும்னு ரெண்டு குடும்பம் தேரையே மறிச்சிடுச்சு. இங்க பாரு, எல்லாரும் சரிசமமா தெரியறாங்க, சிரிக்கறாங்க. எனக்கு மூணு அடில ஒண்ணு.”

“எனக்கு ரெண்டு அடுக்கு வெச்சு” என்றார் இரண்டாவது சாமியார். “எங்களுக்கு உபயதாரருங்க ஜாஸ்தி.”

மூன்றாவது சாமியார் கீழே ஓடிக்கொண்டிருந்ததைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. சீரியல் லைட் விட்டுவிட்டு எரியுமா என்று மட்டும் கேட்டார்.

வீட்டுக்கு வந்து சொன்னபோது ரோஸி மேரி சிரித்து முடிக்க நேரமாயிற்று. “கேமராக்காரன் பொண்டாட்டின்னு எங்கம்மா வூட்டுல சொல்லி வெச்சிருக்கேன். இனிமே இன்னான்னு சொல்றது?”

“எதுனா சொல்லு” என்றான் யூஜின். கம்பெனிக்குத் திரும்பிப் போக வேண்டாம் என்பது மட்டும் நிச்சயமாகிவிட்டது. அதற்கு மேல் சந்தோஷப்படுவதா வேண்டாமா என்று அவனுக்குப் பிடிபடவில்லை.

மறுநாள் காலை வில்லியனூரில் கண்ணாடிக் கடையில் போய் நின்றான். மாதாவுக்கும் அந்தோணியாருக்கும் கூண்டு செய்து பழகிய கடை. கடைக்காரர் டேப்பை இழுத்துக்கொண்டே கேட்டார்.

“சொரூபம் எந்த சைசு தம்பி?”

“சொரூபம் இல்லண்ணே. உபயதாரருங்க.”

கடைக்காரருக்கு அதில் ஆச்சரியப்பட எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை. “அப்ப கண்ணாடி கனமா போட்டுடலாம்” என்று சொல்லிவிட்டு அளவு எழுத ஆரம்பித்தார்.